சீருடையைக் கழற்றிய பிறகு: படையில் கற்றதை வெளிவேலையில் பயன்படுத்துவது எப்படி?

படையிலிருந்து வெளியே வந்து நான் போன முதல் இன்டர்வியூவில், "இதுவரை என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். என் பதவியைச் சொன்னேன், எந்தப் பிரிவு என்று சொன்னேன், எத்தனை வருடம் என்று சொன்னேன். எதிரில் இருந்தவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அவருக்குப் பயன்படும் தகவல் இல்லை. அவர் தேடியது கிடங்கு மேற்பார்வையாளர். பதினொரு வருடம் உதிரிபாகக் கிடங்கு நடத்தியவன் நான். அதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சரக்கு, லாரி, கிடங்கு என்று பல வருடம் வேலை பார்த்தாகிவிட்டது. புதிதாக வெளியே வருகிறவர்கள் எழுதும் ரெஸ்யூம்களை வாசித்துத் திருத்திக் கொடுப்பதும் பழக்கமாகிவிட்டது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: படை என்றாலே ஒழுக்கம், துணிச்சல், கணீரென்ற குரல் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வெளியே வருகிற நாமும் அதையே நம்பி, அதைத்தான் கொடுக்க முயல்கிறோம். ஆனால் வெளிவேலையில் உண்மையில் கைகொடுப்பவை சத்தமில்லாத பழக்கங்கள். ஒரு வேலையை எப்படிச் சொல்லி ஒப்படைப்பது, புரிந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது, டியூட்டியை அடுத்தவரிடம் எப்படி மாற்றுவது, வேலை முடிந்ததும் தவறுகளை எப்படிப் பேசுவது. இவற்றைப் படையில் தினமும் செய்ததால் நமக்கு இவை திறமையாகவே தெரிவதில்லை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

1. பதவியை வேலையாக எழுதுங்கள்

வெளியே வர ஒரு வருடம் இருக்கும்போதே ஒரு நோட்டு வாங்கி ஆரம்பித்துவிடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால் இன்றே உட்காருங்கள். பணியாற்றிய ஒவ்வோர் இடத்துக்கும் இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: எத்தனை பேர் உங்கள் பொறுப்பில் இருந்தார்கள்? எந்தப் பொருள், எந்த வண்டி, எவ்வளவு மதிப்புள்ள சரக்கு உங்கள் கையெழுத்தில் இருந்தது? எதைத் தினமும் செய்தீர்கள்? எதை நீங்கள் மாற்றினீர்கள்? மாற்றியதால் என்ன குறைந்தது, என்ன கூடியது?

"ஒரு பிரிவின் அணித் தலைவராகப் பணியாற்றினேன்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு மூன்று வருடம் பொறுப்பேற்றேன். பயிற்சி, வேலைப் பங்கீடு, லீவு, கருவிகளின் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. மூன்று வருடத் தணிக்கையிலும் ஒரு பொருள்கூடக் குறையவில்லை" என்று எழுதினால், படையைப் பற்றி ஒன்றுமே அறியாதவருக்கும் புரியும்.

இங்கே பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நமக்கு "நாங்கள்" என்று பேசித்தான் பழக்கம். "நாங்கள் பாலம் கட்டினோம், நாங்கள் சாமான்களைக் கொண்டுசேர்த்தோம்." அது நல்ல பழக்கம்தான், ஆனால் இன்டர்வியூவில் கேட்கப்படுவது உங்கள் பங்கு. "நான்" என்று சொல்வது தற்பெருமை போலக் கூச்சமாக இருக்கும். அதற்கு ஒரு வழி: முதல் வாக்கியத்தில் குழு என்ன செய்தது என்று சொல்லுங்கள், இரண்டாவதில் அதில் உங்கள் கையில் இருந்தது எது என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றைக் குறைப்பதில்லை.

எழுதியதைப் படைப் பக்கமே போகாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் எங்கே நிறுத்தி "இது என்ன?" என்று கேட்கிறாரோ அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள். சுருக்கெழுத்துகள் எல்லாம் போய்விட வேண்டும். அப்புறம் ஒரு கண்டிப்பான விஷயம்: நடவடிக்கைகள், இருந்த இடங்கள், படைபலம், கருவிகளின் திறன் போன்ற ரகசியமானவை எதுவும் ரெஸ்யூமில் வரக்கூடாது, பேச்சிலும் வரக்கூடாது. எவ்வளவு சொல்லலாம் என்பதில் சந்தேகம் இருந்தால் வெளியே வருவதற்கு முன்பே உங்கள் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

2. வேலை தேடும்போது

காவலாளி வேலை தவறான வேலை அல்ல. ஆனால் அது ஒன்றுதான் நமக்குத் திறந்த கதவு என்று எண்ணிக்கொண்டு நுழைகிறவர்களைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை. வண்டி பழுதுபார்த்தவர், தகவல் தொடர்புக் கருவி கையாண்டவர், முதலுதவி செய்தவர், சமையல் கூடம் நடத்தியவர், சம்பளக் கணக்கு எழுதியவர், வரைபடம் வாசித்தவர் என்று ஒவ்வொருவருக்கும் வெளியே நேரான ஒரு தொழில் இருக்கிறது. சான்றிதழ் மட்டும் ஒத்துவராமல் போகலாம். படையில் பெற்ற கனரக வண்டி உரிமமோ தொழில்நுட்பப் பயிற்சியோ வெளியே அப்படியே செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். எது செல்லும், எதற்கு மீண்டும் தேர்வு எழுத வேண்டும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஒரு வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள, அதைச் செய்கிற ஒருவரைப் பிடித்து, "நேற்றுக் காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். வேலை விளம்பரத்தில் இல்லாதது எல்லாம் அந்தப் பதிலில் இருக்கும்.

3. முதல் மூன்று மாதம்

புது இடத்துக்குப் போனால் முதலில் நிலத்தைப் பார்ப்போம் இல்லையா? அதையேதான் இங்கும் செய்ய வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாருடைய தோளிலும் பட்டை இல்லை. மேனேஜர் என்று பெயர்ப்பலகை ஒருவர் மேசையில் இருக்கும், ஆனால் எல்லோரும் போய் யோசனை கேட்பது இருபது வருடமாக அங்கே இருக்கும் ஒரு கணக்கரிடம். யார் முடிவெடுக்கிறார்கள், யாரைக் கேட்காமல் முடிவு நிற்காது, எந்தத் தகவல் எந்த வழியாக நகர்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அது நிறுவனம் காட்டும் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. உங்களுக்கு வேண்டியது நீங்கள் வரைந்ததுதான்.

கட்டளையின் ஒலியும் வேறு. "நேரம் கிடைத்தால் இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று மேலதிகாரி சொன்னால், பல இடங்களில் அதற்கு அர்த்தம் "இந்த வாரத்துக்குள் முடித்துக் கொடுங்கள்". நான் அதை உண்மையிலேயே நேரம் கிடைத்தால் செய்யும் வேலை என்று எடுத்துக்கொண்டு பத்து நாள் தள்ளிப்போட்டேன், நல்ல பேச்சும் வாங்கினேன். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: "எப்போதுக்குள் வேண்டும்? இப்போது கையில் இருப்பதை நிறுத்திவிட்டு இதை எடுக்கட்டுமா?"

அடுத்தது "ஏன்?" என்ற கேள்வி. உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் இளைஞர், "ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?" என்று கேட்டால் அது எதிர்ப்பு அல்ல. அவருக்கு அது வேலையைப் புரிந்துகொள்ளும் வழி. சொல்லப்போனால் நல்ல படைகளில் அந்தக் கேள்விக்குக் கட்டளைக்குள்ளேயே பதில் இருக்கும்.

4. நோக்கத்தைச் சொல்லுங்கள்

படையில் கற்றவற்றில் எது மிக மதிப்புள்ளது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1806-ல் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ஜெனாவில், பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனிடம் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மானிய அரசின் படை படுதோல்வி அடைந்தது. மேலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திருக்கும் படை, வேகமாக மாறும் களத்தில் செயலிழந்து போகும் என்பது அந்தத் தோல்வியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று. பிறகு 1857 முதல் 1888 வரை பிரஷ்யப் படையின் திட்டங்களை வகுக்கும் தலைமைப் பணியகத்தை நடத்திய தளபதி மூத்த மோல்ட்கே அந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்தார். எதிரியின் முக்கியப் படையோடு முதல் மோதல் நடந்த பிறகு எந்தத் திட்டமும் அப்படியே செல்லும் என்று உறுதி சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. அப்படியானால் களத்தில் நிற்பவருக்கு என்ன கொடுப்பது? எதை அடைய வேண்டும், எதற்காக என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதை அவர் கையில் விட்டுவிடுவது. இன்று பல நாட்டுப் படைகள் தங்கள் பயிற்சியில் வைத்திருக்கும் "தளபதியின் நோக்கம்" என்ற பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

வெளிவேலையில் இதை மூன்று வாக்கியத்தில் செய்யலாம். இது எதற்காக? முடியும்போது நிலைமை எப்படி இருக்க வேண்டும்? எந்த எல்லையைத் தாண்டக்கூடாது?

உதாரணமாக, "நாளைக்குச் சரக்குக் கணக்கெடுங்கள்" என்பது வெறும் கட்டளை. இதைப் பாருங்கள்: "வியாழக்கிழமை ஒரு பெரிய ஆர்டர் கிளம்புகிறது, அதற்குள் எந்தப் பொருள் குறைகிறது என்று தெரிய வேண்டும். புதன் மாலைக்குள் குறைகிற பொருட்களின் பட்டியல் வாங்குபவர் கையில் இருந்தால் போதும், மற்ற ரகங்களை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஏற்றும் வேலையை இதற்காக நிறுத்தக்கூடாது." இதைக் கேட்டவர் நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரு தடங்கல் வந்தாலும் சரியான முடிவை எடுப்பார். எதை முதலில் எண்ண வேண்டும் என்று உங்களுக்குப் போன் செய்யமாட்டார்.

சொன்னதோடு முடிந்துவிடுவதில்லை. "புரிந்ததா?" என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். ரேடியோவில் கேட்ட செய்தியை அப்படியே திரும்பச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. அதைவிட ஒரு படி மேலே இருப்பது, கட்டளை வாங்கியவர் தான் இதை எப்படிச் செய்யப்போகிறார் என்று தன் சொந்த வார்த்தையில் சொல்வது. முதல் வகையில் காது கேட்டதா என்று தெரியும். இரண்டாவதில் மனதில் என்ன பதிந்திருக்கிறது என்று தெரியும். வெளியே இதைச் சோதனை போலக் கேட்டால் ஆட்கள் சுருங்கிவிடுவார்கள். "நான் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை, நீங்கள் எதிலிருந்து ஆரம்பிக்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பழி உங்கள் பேச்சின் மேல் விழட்டும். அதற்கும் முன்னால், உங்கள் மேலதிகாரியிடம் நீங்களே இதைச் செய்து காட்டுங்கள். "நான் புரிந்துகொண்டது இது, இப்படிச் செய்யப்போகிறேன், சரிதானா?" ஒரு மாதத்தில் உங்கள் குழுவும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

நேரத்தைப் பங்கிடும் விதி ஒன்றும் உண்டு. மூன்றில் ஒரு பங்கைத் தலைவர் தன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், மீதி இரண்டு பங்கைக் கீழே இருப்பவர்களுக்கு விட வேண்டும். ஆறு நாளில் முடிக்க வேண்டிய வேலை வந்தால் இரண்டாம் நாள் முடிவதற்குள் உங்கள் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கணக்கு. ஐந்தாம் நாள் வரை திட்டத்தை மெருகேற்றிவிட்டு ஆறாம் நாள் காலை "அவசரம்" என்று குழுவை விரட்டும் மேனேஜர்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். அவர்களைப் போல ஆகிவிடாதீர்கள்.

பெரிய வேலையாக இருந்தால் கட்டளையின் பழைய ஐந்து தலைப்பையே மெயிலுக்குப் பயன்படுத்தலாம்: நிலைமை, பணி, செய்யும் முறை, தேவையான பொருளும் உதவியும், பொறுப்பும் தொடர்பும். அந்தப் பெயர்களைப் போடத் தேவையில்லை, வரிசை இருந்தால் போதும்.

5. முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள்

"பணிக்குப் பின் ஆய்வு" என்ற முறையை அமெரிக்கத் தரைப்படை 1970-களில் உருவாக்கியது. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஃபோர்ட் இர்வின் தேசியப் பயிற்சி மையம் வந்தபோது, ஒவ்வொரு போலிப் போருக்குப் பிறகும் அதைச் செய்வது வழக்கமானது. கேள்விகள் நான்குதான். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் அந்த வித்தியாசம்? அடுத்த முறை எதை வைத்துக்கொள்வோம், எதை மாற்றுவோம்?

இதில் உயிர்நாடி, அந்த நேரத்தில் பதவி வெளியே நிற்கும் என்பது. அது வாயால் அறிவித்தால் வராது. தலைவர் முதலில் தன் தவறைச் சொன்னால்தான் வரும். ஒருமுறை எங்கள் கிடங்கில் இரண்டு லாரிகளில் லோடு மாறிப் போய்விட்டது. எல்லோருடைய பார்வையும் இரவு ஷிஃப்ட் பையன்மேல். மறுநாள் காலை பதினைந்து நிமிடம் எல்லோரையும் கூட்டினேன். "லாரியில் ஏற்றும் கதவின் எண்ணை மாலை நான்கு மணிக்கு மாற்றியது நான். பலகையில் எழுதினேன், இரவு ஷிஃப்டுக்கு வாயால் சொல்லவில்லை" என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பையன், பலகை இருக்கும் இடத்தில் இரவில் விளக்கு எரிவதில்லை என்றான். பல மாதமாக அப்படித்தானாம். யாரும் கேட்கவில்லை, அதனால் அவனும் சொல்லவில்லை.

அன்றைக்கே அல்லது மறுநாளே செய்யுங்கள், வாரக் கடைசிக்குத் தள்ளினால் ஞாபகம் நியாயப்படுத்தலாக மாறிவிடும். அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். நன்றாக முடிந்த வேலைக்கும் செய்யுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் என்றாலே குற்றம் என்று ஆகிவிடும். இதில் பேசியதை யாருடைய வருடாந்திர மதிப்பீட்டிலும் எழுதாதீர்கள். ஒரே ஒரு முறை எழுதினாலும் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

6. பட்டியலும் டியூட்டி மாற்றமும்

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு ராணுவ விமானத் தளத்தில் போயிங் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழும்பியதும் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அனுபவம் மிக்க சோதனை விமானி. தரையில் நிற்கும்போது வால் பகுதியை அசையாமல் பிடித்திருக்கும் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் முறை உருவானது. அதே விமானம் பின்னர் பி-17 என்ற பெயரில் பல்லாயிரக்கணக்கில் கட்டப்பட்டது.

"அனுபவம் இருக்கிறவனுக்கு எதற்குப் பட்டியல்?" என்று வெளியே உங்களிடம் கேட்பார்கள். அன்று விழுந்தது அனுபவசாலி ஓட்டிய விமானம் என்று சொல்லுங்கள். பட்டியல் சின்னதாக இருக்கட்டும், மறந்தால் ஆபத்தானவை மட்டும் அதில் இருக்கட்டும்.

டியூட்டி மாற்றமும் இப்படித்தான். காவல் மாறும்போது என்ன நடந்தது, எது திறந்திருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, வருபவர் ஏற்றுக்கொண்ட பிறகே நகர்வோம். பெரும்பாலான அலுவலகங்களில் லீவில் போகிறவர் ஒரு மெயில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் வேலையை ஒப்படைக்கும்போது பத்து நிமிடம் நேரில் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். இதைப் பார்த்தே உங்களை நம்ப ஆரம்பிப்பார்கள்.

7. கால்களைப் பாருங்கள்

முதல் உலகப் போரின் முதல் குளிர்காலத்தில், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்றே ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் கால்கள் அழுக ஆரம்பித்தன. பிரிட்டிஷ் படை அதற்குக் கண்ட வழிகளில் ஒன்று, சிப்பாய்களின் கால்களுக்கு அவர்களின் அதிகாரிகளைப் பொறுப்பாக்கியது. தினமும் சாக்ஸ் மாற்றினார்களா, கால் உலர்ந்ததா, எண்ணெய் தேய்த்தார்களா என்று அதிகாரி பார்க்க வேண்டும். நீண்ட நடைக்குப் பிறகு அணித் தலைவர் குனிந்து ஒவ்வொருவர் காலையும் பார்ப்பது இன்றும் பல படைகளில் இருக்கும் வழக்கம்.

என்னைப் பொறுத்தவரை தலைமை என்பதை அதைவிடச் சரியாகக் காட்டும் வேறு காட்சி கிடையாது. வெளிவேலையில் "கால்" என்பது வேறு: உடைந்த நாற்காலி, மூன்று வாரமாக வராத பாஸ்வேர்டு, அடிக்கடி நின்றுபோகும் ஸ்கேனர், நிராகரிக்கப்பட்ட லீவு. ஊக்கமூட்டும் பேச்சு எதுவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் "உங்கள் வேலையைத் தடுப்பது எது?" என்று கேளுங்கள், கேட்டதில் ஒன்றையாவது அடுத்த வாரத்துக்குள் சரிசெய்யுங்கள்.

இதற்கு ஆள் எண்ணிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். பல படைகளில் அடிமட்ட அணி எட்டு முதல் பத்துப் பேர்தான். அதையும் இரண்டாகப் பிரித்து ஒருவரைப் பொறுப்பாக்குவார்கள். இருபத்தைந்து பேரை நேரடியாகப் பார்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் மாதத்திலேயே மூன்று நான்கு பேரை வளர்த்துச் சின்னக் குழுக்களாகப் பிரித்துவிடுங்கள்.

8. விட்டுவிட வேண்டியவை

குரல். சத்தத்தில் ஆட்களுக்கு இடையே செய்தி சேர்க்கத்தான் அந்தக் குரல் பழகியது. மூடிய அறையில் அது கோபமாக மட்டுமே கேட்கும். அடுத்தது, ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவரை மட்டமாகப் பார்ப்பது. நீங்கள் நேரத்துக்கு இருங்கள், அடுத்தவரிடம் காரணம் கேளுங்கள். "எங்கள் காலத்தில் படையில்" என்று ஆரம்பிக்கும் பேச்சை மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வலியை மறைக்கும் பழக்கமும் இங்கே உதவாது. தூக்கம் வராமல் இருப்பது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுவது, பழைய ஆட்கள் யாரும் அருகில் இல்லை என்ற வெறுமை: இவை வெளியே வந்தவர்கள் பலருக்கும் வருபவை. வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். வண்டியில் ஒரு சத்தம் கேட்டால் ஓட்டிக்கொண்டே இருக்கமாட்டீர்கள் அல்லவா, அப்படித்தான் இதுவும்.

9. முதல் வேலை ஒத்துவராவிட்டால்

படையில் இடமாற்றம் என்றால் கட்டளை வரும். இங்கே விலகும் முடிவை நாமே எடுக்க வேண்டும், அது ஓடிப்போவது போலத் தோன்றும். அப்படி நினைத்தே பொருந்தாத வேலையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். குடும்பத்துக்குச் சம்பளம் தேவை என்றால் அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு விலகுங்கள். ஆனால் விலகுவதற்கு முன், பணிக்குப் பின் ஆய்வில் பார்த்த அந்த நான்கு கேள்விகளை உங்கள் வேலையைப் பற்றியே எழுதிப் பாருங்கள்.

நான் முதல் வேலையைப் பதினான்கு மாதத்தில் விட்டேன். மூன்றாவது கேள்விக்கு நான் எழுதிய பதில், "ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் மேலே கேட்க வேண்டியிருந்தது, கேட்காமல் செய்தால் திட்டு விழுந்தது" என்பது. அதனால் அடுத்த இன்டர்வியூவில் அவர்கள் கேள்விகள் முடிந்ததும் நான் ஒன்று கேட்டேன்: "இரவு இரண்டு மணிக்கு லாரி வராவிட்டால் யார் முடிவெடுப்பார்கள்?" எதிரில் இருந்த பெண்மணி யோசிக்கவே இல்லை. "அந்த நேரத்தில் கிடங்கில் நிற்பவர்தான். காலையில் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று எனக்குச் சொன்னால் போதும்" என்றார். சம்பளத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டேன்.